டிஸ்ப்ளே பகல்ல காட்டண்டி மாமா

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு போனை ரிவ்யூ பண்ணி முடிச்சு, பெட்டியில போட்டு, கொரியர்க்காரர் கையில குடுக்கணும்.

போன் பத்து நாளா வீட்டுலதான் இருந்துச்சு. எட்டு நாளும் "நாளைக்கு ஆரம்பிச்சிடலாம்"னு சொல்லிக்கினு இருந்தேன். நேத்து பத்தாவது நாள்.

நம்ம பேஜ்ல இதுவரைக்கும் வந்த ரிவ்யூ எல்லாம் எந்த லட்சணம்னு உங்களுக்கே தெரியும். என் போன், என் பொண்டாட்டி எஸ்தர் போன், அப்புறம் எங்க லாட்ஜ் மேனேஜர் சாப்பிடப் போனப்ப மேஜை மேல விட்டுட்டுப் போன போன். இப்பதான் முதல் தடவையா ஒரு கம்பெனி அவங்களா போன் அனுப்பினாங்க. ரொம்ப விலையும் இல்ல, மலிவும் இல்ல. வாங்கினவன் ஊரெல்லாம் காட்டிட்டு, வீட்டுல மட்டும் விலையைக் குறைச்சு சொல்ற ரகம்.

கம்பெனி பேரு கேக்காதீங்க. ஏன்னு படிச்சா புரியும்.

கம்பெனில இருந்து ரம்யான்னு ஒரு மேடம் சென்னையில இருந்து பேசினாங்க. கேமரா போட்டோ மதியம் பன்னெண்டுக்குள்ள வேணும். டிஸ்ப்ளே வீடியோ சாயந்திரத்துக்குள்ள வேணும். நாலு மணிக்கு கொரியர் ஆள் வருவாரு. அதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னாங்க.

"சார், போன் மேல ஒரு கீறல் கூட இருக்கக் கூடாது. ஒழுங்கா திரும்பி வந்துச்சுன்னா உங்க பேரை எங்க பர்மனென்ட் லிஸ்ட்ல போட்டுடுவேன். எந்தப் புது போன் வந்தாலும் உங்களுக்கும் ஒண்ணு வரும். கீறல் விழுந்தா மேல இருக்கறவங்க உங்க பேரை அடிச்சிடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த லிஸ்ட்ல என் பேரு வரணும்னு எனக்கு அவ்ளோ ஆசை. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கல்யாணப் பத்திரிகையில என் பேரு வந்தப்ப கூட இவ்ளோ ஆசைப்படல. அதனால போன் வந்த அன்னிக்கே கீறல் விழாம இருக்கட்டும்னு கறுப்பா ஒரு கவர் வாங்கி மாட்டிட்டேன்.

வினை அந்தக் கவர்லதான் ஆரம்பிச்சுது.

இப்ப எங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நான் குடியாத்தம் பக்கம். கல்யாணம் ஆகி சித்தூர் வந்து ரெண்டு வருஷம் ஆகுது. ரெண்டு சர்ச்சு பாஸ்டருங்களும் பேசி முடிச்ச சம்பந்தம். எஸ்தர் வீட்டுல தெலுங்கு. அவ தமிழ் நல்லா பேசுவா. அவங்க அப்பா, அதாவது என் மாமனார் டேனியல் மாமா, எங்க கூடத்தான் இருக்காரு. அவருக்குத் தமிழ் சுமாராத்தான் புரியும்.

எனக்குத் தெலுங்கு அதை விட சுமார். நான் வேலை செய்யறது திருப்பதியில ஒரு லாட்ஜ்ல, ரிசப்ஷன்ல. வர்றவங்க முக்காவாசி தமிழ் ஆளுங்க. அவங்களுக்காகத்தான் என்னை அங்க வெச்சிருக்காங்க. அதனால தெலுங்கு கத்துக்கற கட்டாயம் வரல.

ஆனா மாமாகிட்ட மரியாதையா பேசணுமே. அதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். தெலுங்குல மரியாதைக்குக் கடைசியில "அண்டி" போடுவாங்க. நான் தமிழ்ல பேசி, கடைசியில ஒரு "அண்டி" ஒட்டிடுவேன். உக்காரண்டி மாமா. சாப்பிடண்டி மாமா. கதவைச் சாத்தண்டி மாமா.

ரெண்டு வருஷமா இது ஓடிக்கினு இருந்துச்சு. மாமாவும் உக்காருவாரு, சாப்பிடுவாரு, கதவைச் சாத்துவாரு. எனக்குத் தெலுங்கு வந்துடுச்சுன்னே நான் நினைச்சிட்டேன்.

மாமாவைப் பத்தி இன்னொண்ணு. முப்பது வருஷம் மாம்பழக் கூழ் ஃபேக்டரில வேலை பார்த்தவரு. சூப்பர்வைசர் ஒரு வேலை சொன்னா ஏன்னு கேக்காம, அதை அரைகுறையா விடாம செஞ்சு முடிக்கறதுதான் அவரு பழக்கம். ரிட்டையர் ஆன பிறகு அந்த சூப்பர்வைசர் எடத்துல என்னை வெச்சிட்டாரு.

நேத்து லாட்ஜுக்கு லீவு போட்டேன். போட்டோ எடுக்க திருப்பதிக்கே போயிடலாம்னு முடிவு பண்ணேன். மலை இருக்கு, பூக்கடை இருக்கு, ஜனம் இருக்கு. சித்தூர்லயும் எல்லாம் இருக்கு. ஆனா இங்க நான் நடுரோட்டுல நின்னு தனியா பேசினா சர்ச்சுல ஜெபக் குறிப்புல என் பேரைச் சேர்த்துடுவாங்க.

காலையில எஸ்தர் ஸ்கூலுக்குக் கெளம்பிட்டா. அவ டீச்சர். நான் அவசர அவசரமா ரெண்டு இட்லி துன்னுட்டு, சார்ஜ்ல இருந்த கறுப்பு கவர் போனை உருவி பையில போட்டுக்கினு பஸ் ஏறிட்டேன்.

சார்ஜ்ல ரெண்டு கறுப்பு கவர் போன் இருந்துச்சு. அதை நான் கவனிக்கல.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பூக்கடை. அங்க ஆரம்பிச்சேன். என் சொந்த போன்ல வாய்ஸ் ரெக்கார்ட் போட்டு சட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். பையில இருந்த போனை எடுத்து, பவர் பட்டனை ரெண்டு தட்டு தட்டினேன். கேமரா திறந்துச்சு. எடுத்துக்கினே பேசினேன்.

அந்த ரெக்கார்டிங் இன்னும் இருக்கு. அழிக்க மனசு வரல. அதுல இருந்து கொஞ்சம்:

"மக்களே, இந்த சாமந்திப் பூவைப் பாருங்க. கலர் பளிச்சுன்னு அடிக்காம, ஒரு மங்கலான அழகோட வருது. மத்த போன்ல எல்லாம் கலரை ஏத்திக் காட்டுவான். இவன் உள்ளதை உள்ளபடி காட்டறான்."

"ஓரத்துல பாருங்க, லேசா பனி படர்ந்த மாதிரி ஒரு எஃபெக்ட். இது லென்ஸோட தரம்."

அது லென்ஸோட தரம் இல்ல, தேங்காயெண்ணெய். மாமா தலைக்கு எண்ணெய் வெச்சிட்டு அதே கையோட போனை எடுக்கற ஆளு. ஆனா அது அப்ப எனக்குத் தெரியாதே.

பூக்கடைக்கார அம்மாவை ஒரு போட்டோ எடுத்தேன். காட்டினேன். அவங்க உத்துப் பார்த்துட்டு, "இது நானா, எங்க அக்காவா?"ன்னாங்க. முகம் அவ்ளோ மொழுமொழுன்னு இருந்துச்சு. நான் விடல. "ஸ்கின் டோன் வெண்ணெய் மாதிரி வருது மக்களே"ன்னு பாக்கெட்டைப் பார்த்துச் சொன்னேன்.

பக்கத்துல ஒரு ஆட்டோக்காரர் நின்னுக்கினு இருந்தாரு. "ஏமி சார், ரீல்ஸா?"ன்னாரு.

"இல்லண்ணா, ரிவ்யூ. புது போன்."

அவரு எட்டிப் பார்த்தாரு. "புதுசா? ஓரமெல்லாம் பெயிண்ட் போயிருக்கே?"

"அது டிசைன்ணா. வின்டேஜ் ஃபினிஷ்."

சொன்னதும் எனக்கே பெருமையா இருந்துச்சு. டிசைனுக்கு ஒரு பாயின்ட் கெடைச்சுதேன்னு அதையும் ரெக்கார்ட்ல சேர்த்துக்கிட்டேன்.

அப்புறம் மலைக்கு ஜூம் போட்டேன். பாறை எல்லாம் சுவத்துல சுண்ணாம்பு ஈஷின மாதிரி வந்துச்சு. ஓவியம் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன். பேட்டரி காலையில இருந்து பாதிக்குக் கீழ எறங்கியிருந்துச்சு. அதை மட்டும் நேர்மையா, "பேட்டரி கொஞ்சம் வேகமா எறங்குது, கம்பெனி கவனிக்கணும்"னு சொன்னேன். ஒரு ரிவ்யூவர்னா குறையும் சொல்லணும் இல்லியா.

பன்னெண்டு போட்டோவைத் தேர்ந்தெடுத்து என் போனுக்கு மாத்தி, பதினொண்ணரைக்கு ரம்யா மேடத்துக்கு அனுப்பிட்டேன். அஞ்சே நிமிஷத்துல பதில் வந்துச்சு. "சூப்பர் சார். ரொம்ப நேச்சுரலா இருக்கு. எங்க டீமே சந்தோஷமா இருக்காங்க."

லிஸ்ட்ல பேரு வந்த மாதிரியே இருந்துச்சு. ஒரு டீ சொன்னேன்.

டீ கைக்கு வர்றதுக்குள்ள, கையில இருந்த புது போன் பாட ஆரம்பிச்சுது. தெலுங்குல ஒரு கீர்த்தனை. டோலக், கைத்தட்டல், கோரஸ் எல்லாத்தோட. டீக்கடையே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கு அந்தப் பாட்டு தெரியும். எங்க வீட்டுல தெனமும் கேக்கற பாட்டு. ஸ்கிரீன்ல "பால் தம்முடு"ன்னு, அதாவது பால்ங்கற தம்பின்னு, பேரு வந்துச்சு.

எடுத்தேன்.

"வந்தனாலு டேனியல் அன்னா"ன்னாரு அந்தப் பக்கம் ஒருத்தரு. ஞாயித்துக்கிழமை கொயர் பிராக்டிஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு.

டேனியல் அன்னா நான் இல்ல. டேனியல் அன்னா என் மாமா. இது என் மாமா போன்.

அஞ்சு வருஷம் முன்னாடி எஸ்தர் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்த போன். அதுக்கும் கறுப்பு கவர். ரெண்டு போனுக்கும் பின்னாடி அதே மூணு கண்ணு. மாமா போன்ல ஒரு கண்ணு மட்டும்தான் நெசமா வேலை செய்யும், மீதி ரெண்டும் அழகுக்கு. டிசைன் பத்தி நான் உங்களுக்கு உண்மையா சொல்லக் கூடிய ஒரே விஷயம் இதுதான்: புது போனுக்கும் பழைய போனுக்கும் வித்தியாசம் தெரியல.

டீயை அப்படியே வெச்சிட்டேன். ரம்யா மேடத்துக்கு போன் பண்ணி உண்மையச் சொல்லிடலாமான்னு நினைச்சேன். அதுக்குள்ள வேற ஒரு கால் வந்துடுச்சு.

கொரியர்க்காரர். "சார், நாலு மணின்னு போட்டிருக்காங்க. எனக்கு ரூட்டு மாறிடுச்சு, ஒரு மணிக்கே வந்துடறேன்."

மணி அப்ப பன்னெண்டு. நான் பஸ் பிடிச்சுப் போய்ச் சேர ரெண்டு மணி ஆயிடும். டிஸ்ப்ளே வீடியோ இன்னும் பாதி இருக்கு. ராத்திரி வெளிச்சத்துல டிஸ்ப்ளே எப்படித் தெரியுதுன்னு முந்தின நாளே எடுத்துட்டேன். வெயில்ல எப்படித் தெரியுதுன்னு எடுக்கறதுதான் பாக்கி. அதுக்காக என்னோட பழைய போனை ஸ்டாண்டுல மாட்டி மொட்டை மாடியில தயாரா வெச்சிட்டு வந்திருந்தேன். போய் பட்டனை அமுக்கினா போதும்.

வீட்டுல இருக்கறது மாமா மட்டும்தான்.

ரிவ்யூ போன்ல என்னோட ரெண்டாவது சிம்மைப் போட்டு வெச்சிருந்தேன். அந்த நம்பருக்கு அடிச்சேன். மாமா எடுத்தாரு.

"அல்லுடு"ன்னாரு. மருமகனைத் தெலுங்குல அப்படித்தான் கூப்பிடுவாங்க. "மீ போன் நா தக்கர உந்தி." உங்க போன் எங்கிட்ட இருக்குன்னு அர்த்தம்.

"தெரியும் மாமா. ஒரு மணிக்கு கொரியர் ஆள் வருவாரு, அதைப் பெட்டியில போட்டு அவர்கிட்ட குடுத்துடண்டி. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. மாடிக்குப் போகண்டி. ஸ்டாண்டுல ஒரு போன் இருக்கும், அதுல செவப்பு பட்டனை அமுக்கண்டி. இந்தப் போனை ஸ்பீக்கர்ல போட்டு, கவரைக் கழட்டிட்டு, அதுக்கு நேரா வெக்கண்டி."

மாமா படி ஏறினாரு. செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பட்டனை அமுக்கினாரு. கவரைக் கழட்டினாரு. எல்லாம் சரியா செஞ்சாரு. ஃபேக்டரி ட்ரெய்னிங் சும்மாவான்னு நினைச்சுக்கினேன்.

இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு மைக்ல மதனபள்ளி பஸ், நெல்லூர் பஸ்ஸுன்னு கத்திக்கினு இருந்தாங்க. ஒரு காதைப் பொத்திக்கிட்டு நான் சத்தமா சொன்னேன்.

"மாமா, இப்ப டிஸ்ப்ளே பகல்ல காட்டண்டி."



"நிஜங்கானா அல்லுடு?"ன்னாரு மாமா. நெசமாத்தான் சொல்றீங்களான்னு கேக்கறாரு.

"நெசமாத்தான் மாமா. நைட்டுல காட்டியாச்சு. பகல்லயும் காட்டினாதான் ஜனங்க நம்புவாங்க. அவங்களுக்காகத்தானே பண்றோம்."

"கம்பெனிவாள்ளு ஏமீ அனரா?" கம்பெனிக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்.

"கம்பெனியே கேட்டிருக்காங்க மாமா. சாயந்திரத்துக்குள்ள வேணுமாம்."

மாமா மெதுவா ஏதோ முணுமுணுத்தாரு. கடைசியில "ஆமென்"னு கேட்டுச்சு. மாமா எந்த வேலைன்னாலும் ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பாரு, அதனால நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

டொக்.

"மாமா? என்ன சத்தம்?"

"ஏமீ லேது அல்லுடு"ன்னாரு. ஒண்ணும் இல்லையாம். "பகல்லா."

பகல்ல. கரெக்டாத்தானே சொல்றாரு. எனக்கு சந்தோஷம் தாங்கல. "ஆமா மாமா, பகல்லதான். இன்னும் நல்லா காட்டண்டி."

"இங்கா கட்டிகா?"

மைக் சத்தத்துல எனக்குக் கேட்டது "இன்னும் காட்டிக்கவா?" "ஆமா மாமா, காட்டிக்கினே இருக்கண்டி. நாலு பக்கமும் காட்டண்டி. ஒரு பக்கம் விடக் கூடாது."

டொக். டொக். டொக். டொக்.

"லைன் சரியில்ல போல மாமா, டொக்கு டொக்குன்னு கேக்குது."

"பகல்லா அல்லுடு"ன்னாரு மாமா. மூச்சு வாங்கிக்கினு இருந்தாரு. குரல்ல ஒரு வருத்தம். குடுத்த வேலையை முடிக்க முடியலையேங்கற வருத்தம். எனக்கு அது வெயில் அசதின்னு பட்டுது.

"பரவாயில்ல மாமா, இன்னும் கொஞ்சம்தான். விடாதீங்க."

"ஒக்க நிமிஷம்"னுட்டு கீழ எறங்கிப் போனாரு. திரும்பி வந்தாரு. வரும்போது செருப்புச் சத்தம் கொஞ்சம் பாரமா இருந்துச்சு. எதையோ தூக்கிக்கினு வந்திருக்காரு. நிழல் விழாம இருக்க ஏதாவது அட்டை கொண்டாந்திருப்பாருன்னு நினைச்சேன். மனுஷனுக்கு எவ்ளோ அக்கறை பாருன்னு கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

டமார்.

"பகிலிந்தி அல்லுடு!"

இந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

போன மாசம் எஸ்தரோட காபி மக்கை நான் கீழ போட்டப்ப அவ இதையேதான் சொன்னா. அதே ராகத்துல. பகிலிந்தி. உடைஞ்சிடுச்சு.

அங்கயே பிளாட்ஃபாரத்துல ஒரு மூட்டை மேல உக்காந்துட்டேன். யாரு மூட்டைன்னு தெரியல. தலைக்குள்ள எல்லாம் பின்னாடியே ஓடிச்சு.

நான் சொன்ன பகல்ல காட்டண்டி அவரு காதுல பகலகொட்டண்டின்னு விழுந்திருக்கு. அப்படின்னா தெலுங்குல உடைச்சுடுங்கன்னு அர்த்தம். பகல்லான்னா இந்தப் பக்கத்துத் தெலுங்குல உடையலன்னு அர்த்தம். கட்டிகான்னா பலமா. அதாவது நான் மாமாகிட்ட சொன்னது, டிஸ்ப்ளேவை உடைச்சுடுங்க. அவரு நெசமாவான்னு கேட்டாரு. நெசமாத்தான், ஜனங்களுக்காகன்னேன். உடையலன்னாரு. இன்னும் நல்லா உடைங்கன்னேன். இன்னும் பலமாவான்னாரு. ஆமா, நாலு பக்கமும் உடைங்க, ஒரு பக்கம் விடக் கூடாதுன்னேன். உடையவே இல்லன்னு வருத்தப்பட்டாரு. விடாதீங்க மாமான்னு தெம்பு சொன்னேன்.

இதுல மாமாவை எந்த எடத்துல குத்தம் சொல்றது?

"அல்லுடு? லைன்ல உன்னாரா?"ன்னு மாமா கேட்டுக்கினு இருந்தாரு. எந்த போனை உடைச்சாரோ அதே போன்ல. குரல் அவ்ளோ தெளிவா வந்துச்சு.

பஸ்ல ஏறிட்டேன். ஏறி என்ன ஆகப் போகுது, ஆனாலும் ஏறிட்டேன். ஒரு மணிக்கு வழியில கொரியர்க்காரர் பேசினாரு.

"சார், உங்க மாமனார் பார்சல் குடுத்தாரு. உள்ள போன் ஸ்கிரீன் தூள் தூளா இருக்கு. ஆனா பாலித்தீன் சுத்தி, பஞ்சு வெச்சு, பத்திரமா பேக் பண்ணியிருக்காரு. நான் போட்டோ எடுத்து கம்பெனிக்கு ஏத்தணும். கண்டிஷன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன போடறது?"

"பகிலிந்தி அனி போடண்டி"ன்னேன்.

அன்னிக்கு நான் எடம் பார்த்துச் சரியா போட்ட ஒரே தெலுங்கு வார்த்தை.

காணிப்பாக்கம் ரோடு திரும்பறதுக்குள்ள ரம்யா மேடம் கால் வந்துடுச்சு.

"சார்." அவ்ளோதான் சொன்னாங்க.

பொய் சொல்லலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. கை தவறிடுச்சு, பூனை தள்ளிடுச்சு, ஏதாவது. ஆனா லிஸ்ட் போனது போனதுதான், பொய் வேற எதுக்குன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பகல்ல காட்டண்டின்னு சொன்னது, மாமா கேட்டது, நான் தெம்பு குடுத்தது. சொல்லிக்கினே வந்தேன்.

"எதால உடைச்சாரு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"முதல்ல மாடியில கெடந்த சுத்தியல் மேடம். அப்புறம் கேஸ் சிலிண்டர்னு நினைக்கிறேன்."

"காலியா, ஃபுல்லா?"

"தெரியல மேடம்."

ஏதோ டைப் பண்ற சத்தம் கேட்டுச்சு. ரிப்போர்ட் எழுதறாங்க போல. சரி, மாட்டினது மாட்டினோம், மீதியையும் எறக்கி வெச்சுடலாம்னு நான் தொடர்ந்தேன். "இன்னொண்ணு மேடம். காலையில அனுப்பின போட்டோ எல்லாம் உங்க போன்ல எடுத்தது இல்ல. எங்க மாமாவோட பழைய போன்ல எடுத்தது. தெரியாம மாத்தி எடுத்துக்கினு வந்துட்டேன்."

டைப் பண்ற சத்தம் நின்னுடுச்சு.

ரம்யா மேடம் மெதுவா பேசினாங்க. வேற யாரும் கேட்டுடக் கூடாதுங்கற மாதிரி. "சார், அந்தப் பன்னெண்டு போட்டோவும் எங்க பேஜ்ல போட்டாச்சு. எங்க போன்ல எடுத்ததுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மேல இருக்கறவங்க எல்லாம் ஷேர் பண்ணிட்டாங்க. எங்க பாஸ், இந்த சாமந்திப் பூவை போன் பெட்டி மேலயே அச்சடிக்கலாமான்னு கேட்டுக்கினு இருக்காரு."

"எடுத்துட முடியாதா மேடம்?"

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க சார்."

பஸ்ல யாரோ ஒரு கொழந்தை அழுதுக்கினு இருந்துச்சு. எனக்குப் பதிலா அழுவுற மாதிரி இருந்துச்சு.

"டெஸ்டிங்ல உடைஞ்சதுன்னு போட்டுக்கறேன்"னாங்க மேடம். "டெஸ்டிங்தானே சார் அது?"

"ஆமா மேடம், ரொம்ப நல்லா டெஸ்ட் பண்ணியிருக்காரு."

"உங்க பேரு லிஸ்ட்ல இருக்கும். அடுத்த போன் வரும்போது சொல்றேன்." போனை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு விநாடி தயங்கினாங்க. "சார், போட்டோ மட்டும் இதே மாதிரி எடுத்துக் குடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தப்ப மணி ரெண்டரை. ஸ்டாண்டுல இருந்த பழைய போன் இன்னும் ரெக்கார்ட் பண்ணிக்கினே இருந்துச்சு. அதுல எல்லாம் இருக்கு. மாமா கண்ணை மூடி ஜெபம் பண்றது, சட்டைக் கையை மடிச்சு விடறது, சிலிண்டரைத் தோள்ல வெச்சு மாடி ஏறி வர்றது. பின்னணியில என் குரல்: "விடாதீங்க."

சாயந்திரம் எஸ்தர் வந்து அதைப் பார்த்துட்டு, சமையல்கட்டுச் சுவத்துல சாஞ்சு நின்னு சிரிச்சா. மூணு தடவை போட்டுப் பார்த்தா. "ரெண்டு வருஷமா உன் தெலுங்கைக் கேக்கறோம், யாராவது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவாங்கன்னு நினைச்சேன். போனோட போச்சு"ன்னா.

மாமாகிட்ட எஸ்தர்தான் தெலுங்குல விஷயத்தை எடுத்துச் சொன்னா. உடைக்கச் சொல்லலியாம்னு. மாமா முகம் சுருங்கிடுச்சு. யூட்யூப்ல ஆளுங்க புது போனை பிளேடால கீறறதையும் தரையில போடறதையும் அவரு பார்த்திருக்காரு, அந்த மாதிரி ஏதோன்னு நினைச்சிட்டாராம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொன்னாரு. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரைச் சமாதானப்படுத்தறதுக்காக, கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கல, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எஸ்தரை விட்டுச் சொல்லச் சொன்னேன். நம்பிக்கைக்கு கம்பெனி பேஜையும் அவரு போன்லயே திறந்து காட்டினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டாரு. சாமந்திப் பூவைப் பார்த்தாரு. பூக்காரம்மாவைப் பார்த்தாரு. மலையைப் பார்த்தாரு. ஒவ்வொண்ணையும் விரலால பெருசாக்கி, சின்னதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் கையில இருந்த தன்னோட போனைத் திருப்பி, பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு, உச்சுக் கொட்டினாரு.

எஸ்தர்கிட்ட ஏதோ சொன்னாரு. அவ வாயைப் பொத்திக்கிட்டு எனக்குத் தமிழ்ல சொன்னா.

"இந்த ஓட்டை போன் போதுமாம். இதுல எல்லாம் இப்படி போட்டோவே வராதாம். அந்தக் கம்பெனி போன்ல கேமரா என்னமா இருக்குது, அதையே ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்றாரு."

மாமா என் முகத்தையே பார்த்துக்கினு இருந்தாரு.

வாயைத் தொறந்தா என் தெலுங்கு வந்துடுமோன்னு பயந்து, தலையை மட்டும் ஆட்டினேன்.